தம்பிக்கு வராத கப்பல்

சிநேகிதி,

இன்று காலை கிளினிக்கில் கிருமி நீக்கும் நீராவிப் பெட்டியைத் திறந்தேன். வெந்த துணியின் மணம் முகத்தில் அடித்தது. கற்பிட்டியில் மீன் வாடையும் வெங்காயத் தோட்டத்து மண் வாடையும்தான் வழக்கம். இந்த மணம் கப்பலுடையது. மடித்த பச்சைத் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்திரசிகிச்சைக் கூடத்தை நோக்கி நீ வேகமாக நடந்து வரும்போது உன்னோடு வந்த மணம். இடுக்கியால் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அது உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டது.

நாம் இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரே வார்டில் தாதிகளாக இருந்தோம். நான் கற்பிட்டிக்குப் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டிக்காரி. நீ மன்னாரில் பிறந்து கற்பிட்டிக்குக் கல்யாணம் முடித்து வந்தவள். உன் ஒரே தம்பி கடைசிச் சண்டையின்போது வன்னியில் அகப்பட்டுக்கொண்டான். சண்டை முடிந்து பல மாதங்கள் கழித்துத்தான், அவனோடு கடைசிவரை இருந்த ஒருவர் உன்னைத் தேடி வந்து நடந்ததைச் சொன்னார். தொடையில் காயம். ஒழுங்காகத் தைத்திருந்தால் பிழைத்திருப்பான். காயப்பட்டவர்களை ஏற்றிப்போகக் கப்பல் வரும் என்று கரையில் கிடத்தியிருக்கிறார்கள். வந்த கப்பலில் அவனுக்கு இடமில்லை. அடுத்தது வரும் என்று கடலைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறான். அடுத்தது அவனுக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ பூசைக்கு வந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் முழங்காலில் நின்ற நேரத்திலும் நீ நிமிர்ந்து நின்றாய். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏன்டி, ஆண்டவரோட கோவமா?"

"கோவம்தான். அவர்ட முகத்துக்கு நேரா நின்டு கோவிக்கத்தான் வந்தன். வராம வீட்டில கிடந்தா ஆரோட சண்டை பிடிக்கிறது?"

பிறகு ஒரு நாள், நமக்குப் பாடம் எடுக்க வந்த வெளிநாட்டு டொக்டர் ஒருவர், ஆபிரிக்கத் துறைமுகங்களில் நின்று ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் கப்பல் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கிறிஸ்தவத் தொண்டர்கள் நடத்துவது. சம்பளம் கிடையாது. பஸ்ஸில் வரும்போது நீ யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "என்ட தம்பிக்கு வராத கப்பல்ல நான் ஏறப் போறன். நீயும் வா."

என் மகன் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். என் புருஷன் யோசித்துவிட்டுச் சரியென்றார். ஊர்தான் சரியென்று சொல்லவில்லை. "இங்க நோயாளி இல்லையா, ஆபிரிக்காவுக்குப் போய்த்தான் புண்ணியம் தேடணுமா" என்று கோவில் வாசலிலேயே நம் காதுபடக் கதைத்தார்கள். உன் பக்கத்து வீட்டுச் சபியா ராத்தா மட்டும் சம்பலும் இடியப்பமும் கட்டிக்கொண்டு வந்தா. "ஊருட வாயைப் பாத்தா ஒரு காரியமும் நடக்காது தங்கச்சி. நீங்க போங்க, நான் துஆ கேக்கிறன்" என்றா. இரண்டு வேதத்தின் செபமும் சேர்ந்துதான் நம்மைக் கப்பலேற்றியது.

ஏறியவுடன் அற்புதங்கள் நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நடந்தது வேறு. தாடையில் பெரிய கட்டியோடு, துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாளே. அவளுடைய தாய் துறைமுகத்துக்கு அப்பாலிருந்த சந்தையில் மீன் விற்கிறவள். கட்டியை எடுத்தார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது, அந்தப் பிள்ளை தன் முகத்தைப் பார்க்காமல் தாயின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். நாம் எல்லாரும் கைதட்டினோம். சில நாட்களில் கிருமி இரத்தத்தில் ஏறியது. நீ அவளுடைய கட்டிலை விட்டு அசையவேயில்லை. ஆனாலும் பிள்ளை போய்விட்டாள்.

மறுநாள் காலைச் செபக் கூட்டத்தில், வயதான தொண்டர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், இதுவும் கடவுளின் சித்தம் என்று. நீ எழுந்தாய். உனக்குத் தெரிந்த இங்கிலீசில், திக்கித் திக்கி, ஆனால் சத்தமாகச் சொன்னாய்: "அப்படிச் சொல்லாதீர்கள். பிள்ளை செத்தது அவருக்குப் பிடித்திருந்தால், நாம் ஏன் இந்தக் கப்பலில் நிற்கிறோம்? அவருடைய சித்தத்துக்கு விரோதமாகவா மருந்து கட்டுகிறோம்?" நீ இறங்கிப் போய், அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாய், அடுத்து வரும் நோயாளிக்காக. நானும் மறு முனையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கப்பலின் மின்பிறப்பாக்கி பழுதாகிவிட்டது. புதுப் பாகம் வரும்வரை சத்திரசிகிச்சை கிடையாது என்றார்கள். உள்நாட்டிலிருந்து நடந்தும் லொறியில் தொங்கியும் வந்த சனம் துறைமுகத்துச் சீமெந்துத் தரையில் காத்துக்கிடந்தது. திரும்பிப் போகச் சொன்னார்கள். போக அவர்களிடம் வழியுமில்லை, மனமுமில்லை. நான் பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினேன்.

"நான் ஊருக்குப் போறன்டி. செபம் சொல்ல வாய் வருதில்ல."

"வாய் வராட்டி விடு. கை வருதா?" என்றாய்.

நீ ஒரு வாளியும் சவர்க்காரமும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு இறங்கப் போனாய். வார்டுக்குப் பொறுப்பான தாதி, கப்பலுக்கு வெளியே மருந்து கட்ட விதியில் இடமில்லை என்று மறித்தாள். நீ தலையைக் குனியவில்லை.

"கரையில் கிடக்கிறவன் கப்பலை எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒருவன் அப்படிக் கிடந்தான். இவர்களைத் தனியே விட என்னால் முடியாது. விதியை நீங்கள் மாற்றுங்கள், அதுவரை நான் கால் கழுவிக்கொண்டிருக்கிறேன்."

அவள் தானும் ஒரு வாளியைத் தூக்கினாள்.

அந்த வெயிலை இப்போதும் என் பிடரி மறக்கவில்லை. புண்களைக் கழுவினோம், சீழ் எடுத்தோம், கட்டினோம். பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ஒருவரும் தனியே கிடக்கவில்லை. ஒரு நாள் தலையை நிமிர்த்தினால், இறந்துபோன சிறுமியின் தாய் முன்னால் நிற்கிறாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நான் பயந்தேன். அவள் தன் ஊரிலிருந்து ஒரு மனிதரைக் கையில் பிடித்து அழைத்து வந்திருந்தாள். அவருக்கும் அதே மாதிரிக் கட்டி. உன் கையிலிருந்த கோப்பையை வாங்கி, நீ கழுவக் கழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள். என் பெட்டியை அன்றைக்குத்தான் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

பாகம் வந்தது. சத்திரசிகிச்சை தொடங்கியதும் முதலில் உள்ளே போனவர்களில் அந்த மனிதரும் ஒருவர். அவர் பிழைத்து, முகத்தை மூடாமல் நடந்து போனார். அதற்காக அந்தப் பிள்ளையின் சாவு சரியாகிவிட்டது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

இன்னொரு முறையும் போய் வந்தோம். மூன்றாம் முறைக்கு ஆயத்தமானபோதுதான் உன் மார்பில் கட்டி தெரிந்தது. கப்பல்காரர்கள் உன்னை ஏற்கவில்லை. நோயை விட அதுதான் உன்னை உலுக்கியது. கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றினாய், முடி கொட்டியது. அடுத்த ஞாயிறு மொட்டைத் தலையை மூடாமல் கோவில் முன்வாங்கில் வந்து இருந்தாய். முக்காடு போட்ட பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னாய்.

நோய் பார்க்க வந்த ஒருத்தி, "இவ்வளவு ஊழியம் செய்தவளுக்கே இப்படியா" என்று மூக்கைச் சிந்தினாள்.

"ஊழியம் செய்தா நோய் வருத்தம் வராதென்டு ஆர் சொன்னது? நான் அவரோட யாவாரமா செய்தனான்?" என்றாய் நீ. அவள் தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் எழும்பிப் போனாள். சபியா ராத்தா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினா.

கடைசி வாரத்தில் உன் கட்டிலருகே செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய்.

"அவர்ட விருப்பம் பூமியிலயும் நடக்கட்டும் என்டு கேக்கிற இடம் வருதில்லையா, அதைச் சத்தமாச் சொல்லு."

"ஏன்?"

"இன்னும் நடக்கேல்ல. அதாலதானே கேக்கச் சொல்லித் தந்தவர். அது தலையாட்டுற செபமில்ல, விடாமக் கேக்கிற செபம்."

சத்தமாகச் சொன்னேன். உன் உதடும் அசைந்தது.

அடக்கத்தன்று உன் புருஷனின் மாமா ஒருவர், "ஆண்டவர் தன் மகளை எடுத்துக்கொண்டார்" என்று தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். "எடுத்தது புற்றுநோய், மாமா. ஆண்டவர் ஏந்திக்கொண்டவர்." செத்தவீட்டில் அப்படிக் கதைக்கலாமா என்று ஒருசிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். உனக்காக ஒரு பொய்யை நான் சகித்திருந்தால், நீ பெட்டிக்குள்ளிருந்தே எழும்பியிருப்பாய்.

இப்போது ஒரு செய்தி. நான் திரும்பவும் போகிறேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள். மகன் நீர்கொழும்பிலிருந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "முழங்கால் வலியோட இந்த வயசுல ஏனம்மா? அந்த அன்ரி அவ்வளவு செய்தா, அவவுக்கு என்ன கிடைச்சது?" என்றான்.

"கிடைக்கும் என்டு அவ போகல்ல, மகன். நானும் அதுக்காகப் போகல்ல."

தலவிலக் கோவில் திருவிழா முடிந்ததும் புறப்படுகிறேன். இந்த முறை நாம் பார்க்காத துறைமுகம், நமக்குத் தெரியாத பாஷை. அங்கே வேலை செய்யும் ஒரு தாதியிடம் தொலைபேசியில் கேட்டு, ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "நான் உன்னை விட்டுப் போகமாட்டேன்." நோயாளிகளுக்குச் சொல்லத்தான். ஆனால் விடியற்காலையில் கோவிலுக்கு நடந்து போகும்போது, ஆண்டவரிடமும் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். அதை வாக்காக எடுப்பதா, மிரட்டலாக எடுப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும்.