கங்கைக்குப் போட்ட பத்து ரூபாய்

ஞாயிறு, இரவு

இன்று கங்கையின் காசைத் திருடிவிட்டேன். இதை வேறு யாரிடம் சொல்வது?

கங்கையைக் கடக்கும் ஹவுரா படகில் என் மனைவி, "தாயே, நாளைக்கு இன்டர்வியூல என் பொண்ணுக்கு வேலை கிடைக்கணும்" என்று கண்ணை மூடிப் பத்து ரூபாய்க் காசை வீசினாள். அது படகின் ஓரக் கம்பியில் பட்டுத் திரும்பி என் செருப்பருகே உருண்டது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து எடுத்துக்கொண்டேன். சில்லறை இல்லாதவனை இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

ஆட்டோவில் அதைத்தான் நீட்டினேன்.

"பரவால்லையே, இன்னிக்குத் திட்டு வாங்காம சில்லறை குடுத்துட்டேளே!" என்று மனைவி பூரித்தாள்.

இப்போது அடுத்த அறையில் மகள் பதில்களை ஒப்பிக்கிறாள், தப்பும் தவறுமாக. கங்கை என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டிவிடுவாளோ? காலையில் முதல் படகில் போய் வட்டியோடு இருபதாகப் போட்டுவிட வேண்டும்.

ஆனாலும், படகுத்துறையில் மனைவி அந்தக் காசை எடுத்ததே என் சட்டைப்பையிலிருந்துதான்.