மாடியிலிருந்து வரைந்த படம்

அக்கா,

இன்று காலை தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம். கூடவே, என் ஆய்வேட்டில் உங்கள் ஊருக்கு நான் போட்ட வரைபடத்தின் ஜெராக்ஸ். அதன் ஓரத்தில் ஒரு விரல் தடம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அசலில் அது மஞ்சள். ஆய்வேட்டின் ஒரு பிரதியை உங்களுக்குக் கொண்டுவந்து தந்த அன்று, குழம்புக்கு மஞ்சள்தூள் போட்ட கையோடு பிரித்து, "எங்க வூடு எங்க கீது, காட்டு" என்றீர்கள். காட்டினேன். "இம்மாம் சின்னதாவா போட்டுக்கிறே?" என்று கோபித்துக்கொண்டீர்கள். அந்தப் பிரதியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. செத்துப்போனவர் மேல் ஆத்திரப்படுவது அழகில்லைதான். ஆனாலும் வருகிறது. அதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்றுதான் பிரிக்கத் தெரியவில்லை.

கழனியில் கூலி வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய வந்தவள் நான். தங்க இடம் விசாரித்துக்கொண்டு உங்கள் தெருவில் நின்றபோது, "பொம்பளப் புள்ள, தனியா ரூம் எட்த்து இன்னா பண்ணப் போறே? மேல வா" என்று மாடி அறையைத் திறந்துவிட்டீர்கள். பதினாலு மாதம் அங்கேதான் இருந்தேன். நான் சாப்பிடாமல் நீங்கள் சாப்பிட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் என் பாவாடையைக்கூட நீங்கள்தான் துவைத்தீர்கள்.

ஆய்வேட்டின் முதல் இயலில் 'என் தன்னிலை' என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நான் நகரத்துப் பெண், படித்தவள், கல்யாணமாகாதவள், இதெல்லாம் என் பார்வையை எப்படி மாற்றக்கூடும் என்று விலாவாரியாக. யார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு பார்த்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. 'ஊரில் ஒரு மகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டேன்' என்று பெருமையாக ஒரு வரி வேறு. என் வழிகாட்டி அந்த வரிக்குப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதினார். ஊர் என்று நான் சொன்னது உங்கள் தெருவை.

வரைபடம் போட நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று நீங்கள் விடவில்லை. "இந்த வெயில்ல எங்க போய் சுத்திக்கினு கெடப்பே? மாடி மேல நின்னா ஊரே தெரிது. அங்கயே குந்திக்கினு எழுது." மோர் வேறு கொண்டுவந்து வைத்தீர்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். காலனிக்கும் ஏரிக்கால்வாய் ஓரத்துச் சுடுகாட்டுக்கும் நடுவில் உங்கள் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அந்த இடம் முழுவதையும் பச்சைப் பென்சிலால் தீட்டி, 'கரும்பு' என்று எழுதினேன். வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தக் கரும்புக்குள் ஒரு பாதை இருந்தது. காலனிக்காரர்கள் பிணம் தூக்கிப்போகும் பாதை. போன வருடம் அதை உழுது வேலி போட்டீர்கள். அவர்கள் மனு கொடுத்தார்கள். பாதையே கிடையாது, வேண்டுமானால் பாருங்கள் என்று நீங்கள் என் படத்தைக் கொடுத்தீர்கள்.

இது எனக்கு உங்கள் சாவு அன்றுதான் தெரியும். சொன்னது எஸ்தர். உங்கள் கழனியில் இருபது வருடம் நாற்று நட்டவர், என் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறவர். தெருக்கோடியில் தள்ளி நின்றிருந்தார். நான் அழுதுகொண்டே போய்க் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீதான் படம் போட்டியாமே மா. பதினாலு மாசம் இருந்தியே, ஒரு தபா எங்க பின்னால நடந்து வந்து பாத்துருக்கக் கூடாதா? பாதய அடச்சப்புறம், மழையில எங்க மாமியார கால்வாயில எறங்கி இடுப்பளவு தண்ணில தூக்கிக்கினு போனோம். பொட்டி மெதக்குது."

அப்போது உங்களை ஊர்க்காரர்கள் தார் ரோட்டில் பூ இறைத்துக்கொண்டு தூக்கிப்போனார்கள். நானும் பின்னால் நடந்தேன்.

மத்தியானம் உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்கும் கடிதம் வந்திருக்கிறதாம். "நீ நம்ம வூட்டுப் பொண்ணு. அவ இல்லாத நேரத்துல பாத்து சொல்லு மா" என்றார். போனை வைத்ததும் பரணிலிருந்து பழைய களக்குறிப்பு நோட்டுகளை இறக்கினேன். நடந்து பார்க்காதவளிடம் என்ன சாட்சி இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் புரட்டினேன். ஆனால் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. 'காலனியில் சாவு. பறைச் சத்தம் கரும்புக்குள்ளேயே கிழக்கே நகர்ந்து போகிறது.' என் கையெழுத்துதான். காதுக்குக் கேட்ட பாதையைப் படத்தில் போடவில்லை.

அந்தக் காலை முழுவதும் நினைவிருக்கிறது. எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்க்க எழப்போனேன். தோளைப் பிடித்து அழுத்தி, "தலைல எண்ண வெச்சிக்கினு சாவுக்குப் போவக் கூடாது. குந்து" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. படம் தப்பு என்று சொல்வேன். நோட்டைக் கொடுப்பேன். அதற்கப்புறம் உங்கள் வீட்டுப் படி ஏற முடியாது. அதற்காக எஸ்தர் என்னை மன்னித்துவிடப் போவதுமில்லை. பாதை கிடைத்தால் போதும்.

அப்போதே ஏன் கேட்கவில்லை என்று அதிகாரி கேட்பார். நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று சொன்னால் எனக்கு வசதி. ஆனால் படம் போட்ட அன்றும் சரி, பறை கேட்ட அன்றும் சரி, நீங்கள் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய் சொல்லவேண்டிய நிலையில் நான் உங்களை நிறுத்தவே இல்லை. 'கரும்புக்குள்ள எப்படிக்கா போறாங்க?' என்ற கேள்வி என் தொண்டை வரை வந்தது. அப்போது உங்கள் விரல்கள் என் தலைமுடிக்குள் இருந்தன. கேட்டால் எடுத்துவிடுவீர்களோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.