அந்த சிரப்பை அனுப்ப மாட்டேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுக்குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டாய், அதனால்தான் கடிதம். எதிர்வீட்டுத் தம்பி கொண்டுவரும் பையில் நீ கேட்ட ஆன்டிபயாடிக் சிரப் இல்லை, கொட்டித் தேடாதே. மருந்துக் கடையிலயே வேலை பாக்குற, பேத்திக்கு ஒரு பாட்டில் எடுத்துத் தர மனசு வரலியான்னு கத்தினாய். அப்பாவும் உன் கட்சிதான், கல்நெஞ்சுக்காரி என்கிறார். இருந்துவிட்டுப் போகிறேன். அங்கே டாக்டர் பிள்ளை நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இது வைரஸ் சளி, ஆன்டிபயாடிக்குக் கேட்காது என்றாரே, அவர் என்ன உனக்கு எதிரியா?

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணு. ஒரு வயது தாண்டிய இவளுக்கு அது நாற்பதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ எனக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. நிமோனியா என்று சொல்லி அவர்களே ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை ஒரு வேளை தவறாமல் கொடு, காய்ச்சல் விட்டதென்று நடுவில் நிறுத்தாதே. மருந்தின் மேல் எனக்கென்ன பகையா?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு தையல்காரர் இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார், இருமல் என்றார். டாக்டர் சீட்டும் கேட்காமல், பிள்ளையின் நெஞ்சையும் பார்க்காமல் அதே சிரப்பை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அளவும் நானே குத்துமதிப்பாகச் சொன்னேன். மருந்துதான் கொடுக்கிறோமே என்று அவர்கள் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டார்கள். பிள்ளைக்கு நிமோனியா, நான் சொன்ன அளவு அதற்குப் போதவே போதாது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், கடைசியில் எப்படியோ பிழைத்தான். அன்றிலிருந்து சீட்டில்லாமல் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும். ஆனால் அந்தத் தையல்காரர், நீங்க குடுத்த மருந்துலதான்மா ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சான்னு கடைக்கு வரும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

குட்டிக்கு ஆயிரம் முத்தம். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். மூச்சை எண்ண மறக்காதே. கோபமென்றால் ஒரு மாதம் பேசாதே, திட்டு, தாங்கிக்கொள்வேன். நீயும் ஒருநாள் அந்தத் தையல்காரரைப் போல எனக்கு நன்றி சொன்னால்தான் தாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கல்நெஞ்சுக்கார அம்மா