கந்தகம் மணத்த கல்

1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. அஜக்ஸில் உங்கள் வீடு. சாமி அலுமாரிக்கு முன்னால் மூன்று பேர்: அக்கா, உங்கள் மகள் சின்னவள், நான். கற்பூரம் ஒரு கட்டி.

அத்தான், வழக்கம்போல முதலில் கதிரையில் ஏறி, கற்பூரப் புகைக்கு அலறாமலிருக்கப் புகை மணியின் பற்றறியைக் கழற்றினேன். நீங்கள் இருந்தபோது அது உங்கள் வேலை. கற்பூரத் தட்டைச் சின்னவள் எங்கேயோ இழுத்துக்கொண்டு போயிருந்தாள். தேடப் பொறுமையில்லாத அக்கா, கட்டியை நீங்கள் தந்த கல்லின் அடியிலேயே வைத்துக் கொளுத்திவிட்டாள். சுவாலை கல்லைத் தடவிக்கொண்டு எரிந்தது. கற்பூரம் மணத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் மணத்தது. கந்தகம்.

"பழைய கற்பூரம் போலை" என்று அக்கா மூக்கைச் சுளித்தாள்.

கற்பூரத்தில் கந்தகம் கிடையாது. பொலநறுவைச் சிவன் கோயில் கல்லிலும் இருக்க நியாயமில்லை. அந்த மணத்தை நான் தினமும் சுவாசிக்கிற இடம் ஒன்றுதான், அங்கேதான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம். செத்தவீட்டில் எல்லோரும் உங்களைப் பற்றி ஏதாவது பேசினார்கள். என்னையும் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். பேசுவதற்கு என்னிடம் கேள்விகள்தான் இருந்தன. இன்றைக்கு அவை கூடிவிட்டன. அதனால் எழுதுகிறேன்.

பூசை முடிந்து, குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"டிக்கெட் போட்டிட்டன். மார்கழியிலை. சின்னவளையும் கொண்டு போறன்."

"எங்கை?"

"பொலநறுவைக்கு. கல்லை எடுத்த இடத்திலை வைச்சிட்டு வாறன்."

"உது என்ன, லைப்ரரிப் புத்தகமோ திருப்பிக் குடுக்க?"

"பக்கத்து வீட்டு அன்ரி அண்டைக்கே சொன்னவ, கோயில் கல்லை வீட்டிலை வைச்சிருக்கிறது நல்லதில்லை எண்டு. பிள்ளை வேணுமெண்டு கோயில் கல்லை நான்தானே கேட்டனான். நான் கேட்டபடியால்தானே அவர் எடுத்தவர். பிள்ளையைத் தந்திட்டு ஆளை எடுத்திட்டுது."

"அத்தானை எடுத்தது கொலஸ்ரோல். மிச்சம் பனி. டொக்டர் பனி அள்ளச் சவள் பிடிக்க வேண்டாம் எண்டு சொன்னவர், அவர் பிடிச்சவர்."

"உனக்கு எல்லாம் கணக்கு."

"அங்கை இப்ப சண்டை நடக்குது அக்கா. பெட்டிக்குள்ளை பழைய கோயில் கல்லோடை, கைப்பிள்ளையோடை, தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி தனிய நிண்டால் என்ன கேப்பாங்கள்? என்ன சொல்லுவாய்?"

"உண்மையைச் சொல்லுவன்" என்றாள்.

அதுதான் பயம். அக்கா சொல்லக்கூடியவள். என் புருஷன் களவெடுத்தவர், நான் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று காவலரணில் நின்று, எல்லா விவரத்தோடும் சொல்லக்கூடியவள்.

அந்தப் பயணத்தை நான் எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். 95ஆம் ஆண்டு மாசி. சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள், பாதை திறந்திருந்தது. மட்டக்களப்பில் உங்கள் அம்மாவுக்கு வருத்தம் கடுமை. உங்களைத் தனியே விட மனமில்லாமல் அக்கா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். எங்கள் அம்மா தொலைபேசியில் எனக்குத் தனியாகப் புத்தி சொன்னா: "தம்பி, மட்டக்களப்பிலை ஒருத்தற்றை வீட்டிலையும் பாயிலை இருந்திடாதை. மந்திரம் போட்டு அங்கையே ஒட்ட வைச்சுப்போடுவினம்." நீங்கள் மற்றத் தொலைபேசியை எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "பயப்படாதீங்க மாமி, எங்கட வீட்டில கதிரையும் இருக்கு" என்றீர்கள். அம்மா டக்கென்று போனை வைத்துவிட்டா.

கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போனோம். வான்காரர் காத்தான்குடி ஆள், பொழுதுபடமுன் காவலரண்களைத் தாண்ட வேண்டும் என்று அவசரப்பட்டார். பொலநறுவையில் நீங்கள் திடீரென்று அவரைத் திருப்பச் சொன்னீர்கள்.

"ஏன் இங்கை?" என்றேன்.

"மறுகா சொல்றன் மச்சான்."

மறுகா. உங்கள் ஊர்ச் சொல். நாங்கள் பிறகு என்கிற இடத்தில் நீங்கள் மறுகா என்பீர்கள். உங்களோடு பழகிய காலம் முழுக்க நான் கேட்ட கேள்விகளில் பாதி அந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கிறது.

நகரத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்துவிட்டது. அதுவே சந்தேகமாக இருந்தது. அரண்மனைச் சுவரைக் கையை விரித்து அளந்தேன். செங்கல் நல்ல செங்கல். மாடியைத் தாங்கிய மரவளைகள் செருகிய குழிகள் வரிசை பிசகாமல் இருந்தன. மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டிருந்தார்கள். ஏழு மாடி இருந்ததாம். மூன்றுக்குமேல் நான் நம்பவில்லை என்றேன். "ராசாவோடயும் சண்டையா?" என்று சிரித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் அந்த ராசாக்களின் பெயர்களைச் சோதனைக்குப் பாடமாக்கியவன் நான். அவர்கள் தண்ணீர் வடிவதைப் பற்றி யோசித்தவர்கள் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

பிறகு கற்பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், நிலம் தோசைக்கல்லாகச் சுட்டது. படம் எடுக்க உங்களிடம் கமெராவைத் தந்துவிட்டு, படுத்திருக்கிற சிலைக்கு முன்னால் போய் நின்றேன். விசில் ஊதிக்கொண்டு ஒரு காவலாளி ஓடி வந்தார். காக்கி உடுப்பு, கையில் குடை. நீங்கள் சிங்களத்தில் என்னவோ சொன்னீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். என்னைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

"முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கப்படாதாம். பக்கவாட்டில நில்லு."

"உதுக்கு ஏன் இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"மறுகா."

அந்த மனிதர் வானில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவேயில்லை. எங்களை ஏன் பின்தொடருகிறார், யாருக்குச் சொல்லப்போகிறார் என்றுதான் யோசித்தேன். நீங்கள் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தீர்கள்.

சிவன் கோயில் சின்னது, முழுக்கக் கல். சோழர் காலத்தது. சிங்கள ராசாக்களின் நகரத்துக்குள் அது நின்றது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். லிங்கத்தின் முன்னால் வாடாத பூ இருந்தது. நான் கண்டவரையில் அன்றைக்கு அங்கே தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேரும் வான்காரரும்தான். அப்படியானால் பூ வைத்தது யார்? காவலாளி குடையை மடித்து வைத்துவிட்டு உள்ளே குனிந்து, விழுந்துகிடந்த ஒரு பூவை எடுத்துத் திருப்பி லிங்கத்தின் மேல் வைத்தார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

கோயிலின் பின்பக்கம் உடைந்த கற்கள் குவிந்து கிடந்தன. நீங்கள் குனிந்து கைக்கடக்கமான ஒன்றை எடுத்தீர்கள். காவலாளி மரநிழலில் நின்றபடி ஒரு வசனம் சொன்னார். அதட்டவில்லை. நீங்கள் கல்லோடு குனிந்தபடியே நின்றீர்கள். அந்த நேரம் பார்த்து வான்காரர் கோர்ன் அடித்தார், நான் போய்விட்டேன். நீங்கள் வந்தபோது பை தோளில் இருந்தது, சிப் பூட்டியிருந்தது.

"அந்தாள் என்ன சொன்னது?"

"மறுகா சொல்றன்."

காவலரணில் ஆமிக்காரன் உங்கள் பையைத் தலைகீழாகக் கொட்டினான். சாரம், ஹோர்லிக்ஸ் போத்தல், உங்கள் அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டை. கல் இல்லை. எங்கே ஒளித்தீர்கள் என்று நான் அங்கேயே வியர்த்தேன்.

திரும்பி வந்து ஒரு மாதத்தின் பின் அக்காவின் கையில் கறுப்பாக ஒரு கல்லை வைத்தீர்கள். கோபுரம்போல மேலே ஒடுங்கி, கீழே வட்டமாக. "நீ கேட்டது. சோழர் கோயில் கல்." அக்கா அழுதாள். ஐந்து வருஷமாகப் பிள்ளையில்லை, அவளுக்கு அழ நியாயம் இருந்தது. நான் உங்களைக் கார் விடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சண்டை பிடித்தேன்.

"வான்காரற்றை சாமான் பெட்டிக்குள்ளையோ வைச்சனீங்கள்? பிடிபட்டிருந்தால் அந்த மனுசன்ரை கதி என்ன?"

நீங்கள் சிகரெட்டை மிதித்து அணைத்தீர்கள். "மறுகா சொல்றன் மச்சான்."

அடுத்த வருஷம் சின்னவள் பிறந்தாள். ஸ்காபரோவிலிருந்தும் பெண்கள் வந்து கல்லைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். நான் ஒருநாளும் தொடவில்லை. களவுப் பொருள் என்று கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்திருந்தீர்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகம். இந்த நகரத்தில் அந்தக் கல்லைக் கையில் எடுத்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

இன்று அக்கா சின்னவளைக் குளிக்க வார்க்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். அடி மட்டமான வட்டம். நீங்கள் பூசியிருந்த எண்ணெய்க் கரியைக் கார்ச் சாவியால் சுரண்டினேன். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கட்டிடங்களுக்கு ஊற்றுகிற கொங்கிறீற்றைப் பலம் சோதிக்க உருளையாக வார்த்து எங்களுக்கு அனுப்புவார்கள். இரண்டு முனையையும் உருக்கிய கந்தகத்தால் மட்டமாக்கி, யந்திரத்தில் வைத்து நசுக்குவோம். நன்றாக உடைந்தால், அடியில் கந்தகம் ஒட்டிய கூம்பாக உடையும். உடைந்ததைப் பின்வாசல் தொட்டியில் எறிவோம். நான் கார் வாங்கமுதல் பின்னேரங்களில் என்னை ஏற்ற வந்து, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் நீங்கள் சிகரெட் பிடிப்பீர்கள். ஒருநாள் ஒரு கூம்பைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"கோயில் கலசம் மாதிரி இருக்கு. எறியவா போறாய்?"

"குப்பை அத்தான். வேணுமெண்டால் கொண்டு போங்கோ."

கொண்டு போயிருக்கிறீர்கள்.

அக்கா பாலும் தேனும் ஊற்றியது நான் நசுக்கிய கொங்கிறீற்றுக்கு. அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. அங்கே குனிந்து நின்ற உங்களிடம் அந்த மனிதர் என்னதான் சொன்னார்? நீங்கள் கல்லை வைத்துவிட்டு வந்தீர்களா? அல்லது ஆமியைக் கண்டு வானிலிருந்து எறிந்தீர்களா? வைத்துவிட்டு வந்திருந்தால், அதை அக்காவிடம் சொல்ல என்ன கஷ்டம்? வெறுங்கையோடு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாக உங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, அப்போதாவது. நல்லவர் என்று முடிவு கட்ட எனக்கு இது போதாது. ஆனால் கள்ளன் என்று நான் கட்டிய முடிவும் நிற்கவில்லை.

அக்கா ஒரு கொங்கிறீற்றுத் துண்டுக்குப் பயந்து, உங்களைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு, கைப்பிள்ளையோடு சண்டைக்குள் போகப்போகிறாள். உங்கள் பொய்யைக் காப்பாற்ற அவளை நான் அனுப்ப முடியாது. ஆகவே செய்யப்போவது:

1. நாளைக்கு வேலைத்தலத் தொட்டியிலிருந்து புதிதாக உடைந்த கூம்பு ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுவருவது.

2. அதையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் அடியிலும் கற்பூரம் கொளுத்துவது. முதலில் பற்றறியைக் கழற்றுவது. நான் வாய் திறக்கக் கூடாது. அக்கா மணந்து பார்க்கட்டும்.

3. அவள் அழுது முடித்த பிறகு ஒன்றை மட்டும் சொல்வது: நீ கேட்டதால் அத்தான் சாகவில்லை.

4. டிக்கெட்டை நிற்பாட்டுவது.

5. உங்கள் கராஜைத் தேடுவது. உண்மையான கல் அங்கே கிடந்தால் மேலே எழுதியது எல்லாம் பிழை.

6. இவ்வளவுக்குப் பிறகும் "அப்ப பிள்ளை பொய்யோ?" என்று கேட்டுவிட்டு அக்கா அதற்கே பால் ஊற்றினால், வாயைப் பொத்திக்கொண்டு செம்பைப் பிடிப்பது.

7. சிங்களம் படிப்பது. சண்டை ஓய்ந்த பிறகு போய், குடை வைத்திருந்த அந்த மனிதரைத் தேடி, அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று நானே கேட்பது.

8. உங்களை நம்புவது. மறுகா.