வாத்துக்கு முதல் அடி

மார்ச் 4, திங்கள்

நாலு மாத உழைப்புக்கு இன்று முதலாளி நாள் குறித்துவிட்டார். எங்கள் கணினி விளையாட்டில் நான் எழுதியது ஒரே ஒரு விதி. எதிரியை முதுகுப்பக்கமாகத் தொட்டுவிட்டால் முதல் சுற்று முழுக்க உனக்கு, அவன் திருப்பி அடிக்க முடியாது. உன் முதுகு அவன் மேல் பட்டால் அவனுக்கு. நேருக்கு நேர் என்றால் சமம். இதில் என்ன தப்பு?

"நான் கத்தியே எடுக்கலைம்மா, அதுக்குள்ள வாத்து என்னைக் கொன்னுடுச்சு. பதினோரு தடவை! வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா அந்த விதியையே தூக்கிடு," என்றார் முதலாளி.

எங்களிடம் இருப்பதிலேயே சோப்ளாங்கி எதிரி அந்த வாத்துதான்.

மார்ச் 5

வாத்தோடு நாற்பது முறை மோதினேன். நாற்பதிலும் வாத்துதான் செத்தது.

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

முதலாளி ஆடுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வீரனுக்குத் தன் முகத்தையே வைக்கச் சொல்லி ஓவியரை மூன்று வாரம் படுத்தி எடுத்தவர் அல்லவா? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டுமாம். அதனால் வீரனைத் தன் பக்கம் திருப்பிவைத்து, பின்னோக்கியே நடத்துகிறார். காடு, மேடு, பாலம், எல்லாம் பின்னோக்கித்தான். முதுகைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாத்து என்ன, புழுகூட முதலில் அடிக்கும்.

ஓவியரிடம் சொன்னேன். "தெரியும். ஆனா நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த மூக்கை ஆறு தடவை மாத்தி வரைஞ்சவன் நான்," என்றார்.

மார்ச் 7

மூன்று முறை அவர் அறைக்குப் போனேன். மூன்று முறையும் "என்னம்மா, தூக்கிட்டியா?" என்று அவரே முந்திக்கொண்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சே, எனக்கே என் மேல் எரிச்சல்.

வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலை நிமிராமலே, "நீ எழுதின விதியை நீயே படிச்சியா?" என்றார்.

மார்ச் 8, வெள்ளி

செய்துவிட்டேன்!

முதலாளி மாடிப்படியில் காப்பிக் கோப்பையோடு ஏறிக்கொண்டிருந்தார். சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பின்னாலேயே போய்த் தோளைத் தொட்டேன். காப்பி சுவரில். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. ஒரு சுற்று முழுக்க எனக்கு — "சார் நீங்க பின்பக்கமா நடக்கிறீங்க சார் அதான் சார் வாத்து ஜெயிக்குது!"

வெகுநேரம் என் கையிலிருந்த செருப்பையே பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்போ என் முகத்தை எப்படிம்மா பார்க்கிறது?"

பாவமாக இருந்தது.

மார்ச் 11, திங்கள்

வீரன் முதுகில் இப்போது ஒரு கேடயம். அதில் முதலாளியின் முகம், முன்னோக்கி நடந்தாலும் அவருக்குத் தெரியும். யோசனை என்னுடையது என்பதால் ஓவியர் என்னோடு பேசுவதில்லை. நாளை முதலாளி ஆடிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

மார்ச் 12

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். முதல்முறையாக முன்னோக்கி நடந்தார். வாத்து குளக்கரையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. பின்னால் போய்த் தொட்டார். முதல் சுற்று அவருக்கு. கத்தியை உருவியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடிங்க சார்."

"அது என்னைப் பார்க்கவே இல்லையேம்மா."

அடிக்காமலே சுற்றை விட்டுக்கொடுத்தார். வாத்து திரும்பியது, அவரைக் கொன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், போச்சு.

"விதி இருக்கட்டும்," என்றார். "ஆனா ஒண்ணு. அடிக்கிறதுக்கு முன்னாடி இருமுறதுக்கு ஒரு பொத்தான் வை."

மதியத்திலிருந்து இருமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வறட்டு இருமலா, மரியாதை இருமலா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.