சஷ்டி இல்லாத ஞாயிறு

முருகன் துணை

கம்பம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மருமகள் கயலுக்கு அத்தை அனுசுயா எழுதுவது. இங்கன நானும் மாமாவும் சுகம். எர்ணாகுளத்தில் மழை விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். துணி காயாமல் கஷ்டப்படுவாய். உன் வீட்டுக்காரன் கார்த்திக்ராஜுக்குச் சின்ன வயதிலிருந்தே தலை நனைந்தால் உடனே சளி பிடிக்கும், பார்த்துக்கொள்.

மாமா திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்துவிட்டாக. இந்தத் தடவை காய் நன்றாக இறங்கும் என்கிறாக.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் வீட்டுக்காரன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். இது அவன் கேட்க வேண்டியதில்லை. நீயும் மூன்று வாரமாக, நல்லா இருக்கீங்களா அத்தை என்று கேட்டுவிட்டுப் போனை அவன் கையில் கொடுத்துவிடுகிறாய். முன்பெல்லாம் என் அடுப்பில் குழம்பு வற்றுகிற வரைக்கும் பேசுவோம்.

குமுளியில் அந்தப் பெரிய ஓட்டலுக்கு என்னைக் கூட்டிப்போனாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். புது வேலையின் முதல் சம்பளத்தில் அத்தைக்கு விருந்து என்று ஒரு மாதம் முன்பே இடம் சொல்லி வைத்திருந்தாய். மாமா மருந்தடிக்கிற வேலை இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டாக. நான் வந்தேன்.

உட்கார்ந்ததுமே எனக்கு ஒட்டவில்லை. பரிமாற வந்தவர் என் மடியில் துணியை விரித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நின்று கதை சொன்னார். முதலில் வைத்தது கருங்கல் பலகையில் மூன்று திராட்சை, தோல் உரித்து, மேலே ஏதோ நுரை. கம்பம் பன்னீர்த் திராட்சை என்று நமக்கே சொன்னார். வீட்டில் கூடை கூடையாகக் கிடக்கிறதை அங்கன குனிந்து தேட வேண்டியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. இதுபோல இன்னும் எட்டுத் தட்டு வரும் அத்தை என்று நீ ஆசையாகச் சொன்னாய். எனக்கு இது தோதுப்படவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் முகம் வாடுமே என்று பயந்து, இன்றைக்குச் சஷ்டி, நான் விரதம் என்றேன்.

அன்றைக்குச் சஷ்டி இல்லை, கயல். அது செவ்வாய்க்கிழமைதான் வந்தது. தினமும் காலண்டர் கிழிக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா.

நீ அதை அப்படியே நம்பினாய். அத்தை விரதம் இருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று உன் தட்டையும் வேண்டாம் என்றாய். கார்த்திக்ராஜ் ஒன்பதையும் சாப்பிட்டான். நீ எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருந்தாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு உங்கள் கார் எர்ணாகுளம் ரோட்டில் திரும்பியதும், நேராக எதிரே இருந்த சின்னக்கருப்பு கடைக்குள் போய் உட்கார்ந்தேன். தகர மேசை, வாழை இலை. மீன் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன். மூன்றாம் தடவை கேட்காமலே வைத்தார். அந்த ருசியை எழுத இப்போது கை கூசுகிறது.

கை கழுவிவிட்டு வரும்போது சின்னக்கருப்பு ஒரு பையை நீட்டினார்.

"கார்ல வந்த பிள்ளை குடுத்துட்டுப் போச்சு. எங்க அத்தை சாப்பிடுறாக, கூப்பிட வேணாம்னு சொல்லுச்சு."

பைக்குள் விரதக்காரிக்கு ஆகிற மாதிரி நாலு நேந்திரம்பழமும் ஒரு பாட்டில் பாலும் இருந்தன. பால் இன்னும் சூடு ஆறவில்லை. நீ உன் பசியோடு என் பசிக்காகத் திரும்பி வந்திருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை நிஜச் சஷ்டிக்குப் பச்சைத் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. முருகனிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும், அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. உன்னிடம் சொல்லத்தான் மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தப் பழங்களைச் சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கறுத்துப்போன பிறகு மாட்டுக்கு வைத்தேன்.

கோபமாக இருந்தால் அது நியாயம்தான். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ கூப்பிட்டது பிடித்திருந்தது. பட்டுச்சேலையை முந்தின நாளே எடுத்து மடித்து வைத்தேன் ஆத்தா.

அடுத்து வரும்போது சின்னக்கருப்பு கடையில் காரை நிறுத்தச் சொல். நான் பஸ்ஸில் மலை ஏறி வந்து காத்திருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நீ வயிறாரச் சாப்பிட வேண்டும். பிறகு திட்டுவதானால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். முருகன் உன்னை எந்த நாளும் பசியோடு வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தை அனுசுயா