ஒரே ஊசியில் இரண்டு ஈக்கள்

குளிருக்குப் போர்த்திக்கொள்ள ரஜாயை வெளியே எடுக்கலாம் என்று நேற்றுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நவம்பர் பிறந்தால் தில்லியில் எல்லா வீட்டிலும் வருகிற வாசனைதான். மற்றவர்களுக்கு அது கம்பளி வாசனை, எனக்கு அது நீ. நாம் இருவரும் வேலை பார்த்த பூச்சிச் சேகரிப்பு அறையில் இழுப்பறைதோறும் அந்துருண்டை போட்டிருப்போம். நம் சாப்பாட்டு டப்பா வரைக்கும் அந்த நெடி ஏறியிருக்கும். அது நினைவுக்கு வந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது நான் திட்டியது போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முனிர்காவில் ஒரே அறையில் இருந்தோம். நான் திருநெல்வேலிப் பக்கம், நீ மன்னார்குடி. இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் தற்காலிக வேலை. வீட்டுக்காரம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு 'ஜல்தி, ஜல்தி' என்று கத்தும்போது நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், நீ படுக்கையை விட்டு எழாமலே உனக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலைக்கும் காப்பிப்பொடிக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் போவோம். கறிவேப்பிலைக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இலைக்கடியில் முட்டை இருக்கிறது என்று கடைக்கார பையாவோடு மல்லுக்கு நிற்பாய். அவர் உன்னை அனுப்பினால் போதும் என்று இன்னொரு கொத்தைத் திணித்துவிடுவார். எதை நீட்டினாலும் முதலில் குறை கண்டுபிடிக்கிற கண் உனக்கு. அது என்மேலும் திரும்பும் என்று எனக்கு உறைக்கவில்லை.

நாம் பார்த்தது கொள்ளைக்கார ஈக்களை. யாராவது விவரம் கேட்டால் நீ சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "வீட்டு ஈ மாதிரி எச்சில் சோத்துல உக்காராது. காய்ஞ்ச குச்சில காத்திருந்து, பறந்து போறதைப் பறந்து பிடிச்சு, குத்தி உறிஞ்சிரும்." அதன் முகத்தில் அடர்த்தியாக ஒரு மீசை இருக்கும். அந்த மீசையின் நிறம், கால் முட்கள், இறக்கை நரம்பு இவற்றை வைத்து இனம் பிரிப்போம். எல்லாவற்றுக்கும் மேலே ஆணின் வால்நுனி. அதைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் வேகவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தால்தான் சந்தேகம் தீரும். ஆண் இல்லாமல், பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புது இனம் என்று சொன்னால் யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை.

பிடிப்பது நான். ஊசியில் குத்துவதும், சீட்டு எழுதுவதும், விவரித்துக் கட்டுரை ஆக்குவதும் நீ. வெயிலில் அலைய உனக்கு ஆகாது, ஓரிடத்தில் உட்கார எனக்கு ஆகாது. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூடியிருக்கும்போது பிடிபட்ட ஆணையும் பெண்ணையும் ஒரே ஊசியில் குத்துவோம். ஈயையும் அதன் வாயில் இருந்த இரையையும்கூட ஒரே ஊசியில்தான் குத்துவோம். எது ஜோடி, எது இரை என்று அந்த ஊசி சொல்லாது. பிடித்தவள் சொல்லவேண்டும்.

நான் சொன்னேன். ஒரு ஜூலையில், முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்காட்டில் ஒரு கீக்கர் முள்மரத்தின் குச்சியில் இரண்டையும் பார்த்தேன். மேலே பெரியது, மீசை வைக்கோல் மஞ்சள். அடியில் சிறியது, மீசை வெள்ளை. பெரியதன் அலகு சிறியதன் கழுத்தில் இறங்கியிருந்தது. சிறியதன் கால்கள் துவண்டு தொங்கின. உறிஞ்சிக்கொண்டிருந்ததை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலையில் விழுந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. அறைக்கு வந்து, கண்டதைக் கண்டபடி உன்னிடம் சொல்லி, குப்பியை உன் கையில் கொடுத்தேன். நீ இரண்டையும் ஒரே ஊசியில் குத்தினாய்.

பெரியது இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று நீ கண்டுபிடித்தாய். அன்று நாம் இருவரும் குதித்தோம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெண். அதன் ஆண் நம்மிடம் இல்லை. உன் வேலையை நிரந்தரமாக்கும் நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, கட்டுரை அதற்குள் வரவேண்டும். அப்போதுதான் நீ அந்தச் சிறியதை எடுத்துப் பார்த்தாய். அது ஆணாக இருந்தது. இதுதான் இவளுடைய ஆண் என்றாய்.

இது இரை, நான் பார்த்தேன் என்றேன். இந்த ஈக்களில் பெண் கூடிய பிறகு ஆணையே தின்பது உண்டு, உனக்குத் தெரியாதா என்றாய். தெரியும். ஆனால் மீசை வேறு, பின்னங்கால் முள் வேறு, இறக்கையில் ஒரு நரம்பு வேறு இடத்தில் ஓடுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே அச்சாகவா இருக்கும் என்று கேட்டாய். அந்த வாரம் முழுக்க அறையில் சண்டை. கடைசியில், அப்படி எழுதுவதாக இருந்தால் என் பெயரை எடுத்துவிடு என்றேன். நீ உடனே 'அச்சா' என்றாய். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கட்டுரை அச்சாகி வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் நீ மட்டும். உள்ளே, விவரணையின் முடிவில் ஒரு வாக்கியம். இந்த ஆணும் பெண்ணும் கூடியிருக்கையில் பிடிபட்டவை, பெண் தன் முகத்தை ஆணின் கழுத்தோடு வைத்திருக்கும் இந்த நிலை வேறெங்கும் பதிவாகாதது, இதை நேரில் கண்டவர் என்று சொல்லி, என் பெயரை முழுப்பெயராக, ஊர் முதலெழுத்தோடு போட்டிருந்தாய். நான் சொன்ன கழுத்தை எடுத்து, நான் சொன்ன அலகை முகமாக்கி, கொலையைக் கல்யாணமாக்கி வைத்திருந்தாய். உனக்கு வேலை நிரந்தரமானது. நான் அந்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு போனேன்.

அதற்குப் பிறகு நான் பட்டது உனக்குத் தெரியாது. கருத்தரங்குகளில் அந்த அபூர்வக் காட்சியைப் பார்த்தவள் நான்தானா என்று வந்து கை குலுக்கினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர், அந்த நிலையில் அவை எவ்வளவு நேரம் இருந்தன, பெண் தலையைச் சாய்த்திருந்ததா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டு எழுதினார். அது தின்றுகொண்டிருந்தது ஐயா என்று பதில் போட்டேன். அப்படியானால் உண்மையான ஆணைப் பிடித்து, ஆதாரத்தோடு அச்சில் மறுத்துவிடுங்கள் என்று எழுதினார். நியாயம்தான். பொய் அச்சில் இருக்கும்போது நிஜத்தை வாயால் சொல்லிக்கொண்டு திரிந்து என்ன பயன்? உன் இனம் செல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. இனத்தின் பெயர் எந்த ஒரு பூச்சியின்மேல் நிற்குமோ, அந்த மூல மாதிரியாகப் பெரியதைத்தான் நீ அறிவித்திருந்தாய், அதில் மட்டும் கெட்டிக்காரி. அந்தப் பெயருக்குப் பின்னால் உன் பெயர் உலகம் உள்ளவரை நிற்கும், நிற்கட்டும். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து என் பெயர் வெளியே வரவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக ஒவ்வொரு மழைக்கும் அதே பாறைக்காட்டில் முள்ளில் கிழிபட்டுத் திரிந்தேன். பல வருஷம் கழித்து, மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி ஊரே புழுதியாகக் கிடந்த காலத்தில், ஒரு காலை கிடைத்தது. வாலோடு வால் ஒட்டி, ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்த ஜோடி. எல்லா ஈக்களையும் போலத்தான் கூடியிருந்தன, ஒரு அபூர்வமும் இல்லை. ஆணின் மீசை வைக்கோல் மஞ்சள். அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து, யாரும் இல்லாத தைரியத்தில் சத்தமாகச் சிரித்தேன்.

உன்னிடம்தான் முதலில் கொண்டுவந்தேன். அதற்குள் உனக்குக் கல்யாணமாகி, கிட்வாய் நகரில் உன் வீட்டுக்காரருடைய அரசாங்கக் குடியிருப்பு. உன் மகன் கதவைத் திறந்து, 'மம்மி, கோயி ஆன்ட்டி ஆயீ ஹை' என்று, யாரோ வந்திருப்பதாக உள்ளே குரல் கொடுத்தான். நீ காப்பி கொடுத்தாய். நான் டப்பாவை நீட்டினேன். பால்கனி வெளிச்சத்துக்குப் போய், கைலென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நின்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி," என்றாய்.

"தெரிஞ்சேதான் எம் பேரப் போட்டியா?"

"நான் சொன்னா கேள்வி கேப்பாங்க. நீ பாத்தேன்னு போட்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அதை ஏதோ பாராட்டு மாதிரி சொன்னாய். நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். திருடியவளே சாவகாசமாக உட்கார்ந்து, உன் வீட்டுப் பூட்டு நல்ல பூட்டு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மறுப்புக் கட்டுரையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். உன்னிடம் மட்டும் மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொண்டேன். நாட்டில் இந்த ஈக்களைத் தெரிந்த வேறு ஆள் எங்கே இருக்கிறது? உன்னிடம்தான் போனது. மதிப்பீட்டாளர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். மறைத்து என்ன, ஒவ்வொரு வரியிலும் நீதான் இருந்தாய். ஒரே ஒருவர் கண்ணால் கண்டதை நம்பி ஓர் இனத்தின் விவரணையை மாற்ற இயலாது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. என் கண்ணை நம்பச் சொல்லி ஊரை ஏமாற்றியவள், என் கண் போதாது என்கிறாய்.

கூடவே பக்கம் பக்கமாகக் குறைகள். கால் முட்களின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் எடுக்கவில்லை, வால்நுனியைப் பக்கவாட்டில் வரையவில்லை, ஒரு ஜோடி போதாது. எரிச்சல் என்னவென்றால், எல்லாம் சரியான குறைகள். திரும்பக் காட்டுக்குப் போனேன், இன்னும் சில ஜோடிகளைப் பிடித்தேன், வரைந்தேன், அனுப்பினேன். மறுபடியும் புதுக் குறைகளோடு திருப்பினாய். நோஞ்சானாகப் போன கட்டுரை உன்னால் சதை போட்டுத் திரும்பிவந்தது. உன்னை அறையவேண்டும் போலிருந்தது.

மூன்றாம் தடவைக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். போன குளிரில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நிறுவனத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். உன் நேர்மையைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். உன் கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது பிரதியை அனுப்பியதும் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. இதைப் பார்த்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை, உங்கள் பெயர் இருப்பதே போதும், அப்படியே அச்சிடுகிறோம் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பெயர் போதும் என்று நினைத்து அச்சிட்டதில்தானே இவ்வளவும் வந்தது? கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்கு எழுதிவிட்டு, கட்டுரையை எதிரில் வைத்து, நீ படிப்பதைப் போல முதலிலிருந்து படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

நான் ஜோடியாகப் பிடித்த பெண்ணும், நீ விவரித்த அந்தப் பழைய பெண்ணும் ஒரே இனம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒன்றுமில்லை. ஒன்றுதான் என்று நானே எழுதிக்கொண்டு மேலே போயிருந்தேன். மூல மாதிரி இருந்த அலமாரி உன் பொறுப்பில் இருந்தது. உன்னிடம் வந்து அதைக் கேட்க என் ரோஷம் விடவில்லை. இந்தக் கேள்வியை நீ ஒரே வரியில் கேட்டிருந்தால் என் கட்டுரை அங்கேயே படுத்திருக்கும்.

உனக்குப் பிறகு அந்த அலமாரியை என் பொறுப்பில் விட்டார்கள், சாவி இப்போது என்னிடம். திறந்து, அந்த ஊசியை எடுத்து, பெரியதையும் என் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முள் முள்ளாக ஒப்பிட்டேன். ஒன்றுதான். அதையும் எழுதிச் சேர்த்தேன். கட்டுரை வந்துவிட்டது. அந்த வாக்கியத்திலிருந்து என் பெயர் வெளியே வந்துவிட்டது.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. கறிவேப்பிலைக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அந்த ஓட்டை தெரியாமல் போயிருக்காது. இரண்டு தடவை படித்தாய், கால்மயிரைக்கூட விடவில்லை, என்னைக் கவிழ்த்திருக்கக்கூடிய ஒரே கேள்வியை மட்டும் விட்டுவிட்டாய். இப்போதெல்லாம் எந்த ஈயை விவரிக்க உட்கார்ந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன், அதுவும் உன் குரலில். இரக்கப்பட்டு விட்டாயா, எனக்குச் செய்ததற்கு ஈடாகக் கழித்துக்கொண்டாயா, அல்லது படித்த இரண்டு தடவையும் உனக்குத் தலைவலியா? எனக்குத் தெரியவில்லை. உன்னை முழுசாக வெறுக்க முடியாமல் இது ஒன்று குறுக்கே நிற்கிறது. ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கலாமேடி.